திங்கள், வியாழன், ஏழே கால் வண்டி

ஐப்பசி 14, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். வயலில் தண்ணீர் தேங்கவில்லை. அதுவரை நல்லது.

மல்லிகா எடை 47½. குடித்தது: காபி இரண்டு டம்ளர். மாத்திரைக்கு முக்கால். சோற்றில் ரசம் ஒரு கரண்டி. கஞ்சித் தண்ணீர் கேட்டாள், கொடுக்கவில்லை. கோபம்.

இந்த நோட்டு ஆஸ்பத்திரி சிஸ்டர் சொல்லி வாங்கியது. என் மனைவியின் எடையும் அவள் குடிக்கிற தண்ணீரும் தினம் எழுதிக்கொண்டு வரச் சொன்னது. முன்பக்கம் அவர்களுக்கு. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுதுவது எனக்கு. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்தவன். அந்த வகுப்புக்கு வந்தவர்களில் இன்னும் பேனா பிடிக்கிறவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் கையெழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். சரி, அது கிடக்கட்டும்.

மத்தியானம் மைக் கட்டின ஆட்டோ வந்தது. வெள்ளத்தில் பெரிய ரோட்டுப் பாலத்தின் தூண் ஒன்று இறங்கிவிட்டதாம். நாளையிலிருந்து பஸ், லாரி, வேன் எதுவும் கிடையாது. எத்தனை நாளைக்கு என்று பின்னாலேயே ஓடிப்போய்க் கேட்டேன். ஆட்டோக்காரருக்குத் தெரியவில்லை. எழுதிக் கொடுத்ததைத்தான் படிக்கிறாராம்.

மல்லிகாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. திங்களும் வியாழனும் தஞ்சாவூரில் மிஷினில் நாலு மணி நேரம் படுத்து ரத்தம் சுத்தம் பண்ணியாக வேண்டும். ஒன்பது மணிக்கு எங்கள் முறை. ஒன்பதரைக்குள் ஆள் வரவில்லை என்றால் காத்திருக்கிற அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். தப்புச் சொல்ல முடியாது. அவர்களுக்கும் உயிர்தான். புரட்டாசியில் ஒரு வியாழன் காய்ச்சலால் தவறியது. சனிக்கிழமைக்குள் முகம் வீங்கி, படுத்தால் மூச்சு அடைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

பஸ் சுற்றிப் போனால் மூன்று மணி நேரம் என்கிறார்கள். ஆகவே ரயில்.

ஐப்பசி 15, திங்கள்

மழை இல்லை. மூட்டம்.

எழுந்தது நாலு மணி. பையில்: ஃபைல், காப்பீட்டு அட்டை, போர்வை, இட்லி நாலு, செல்போன், இந்த நோட்டு. பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டேன். தூங்கினாலும் கழற்றுவதில்லை.

எங்கள் ஊர் ஸ்டேஷன் ஒரு ஷெட்டும் ஒரு புளியமரமும்தான். எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள் என்று டிக்கெட் கொடுக்கிறவர் சொன்னார். இன்று பஸ் ஜனம் முழுவதும் அங்கே. பள்ளிக்கூட டீச்சர், கீரைக்காரி, துணிக்கடைப் பெண்கள், கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பம் சீர்வரிசைத் தட்டோடு. வண்டி வந்து நின்றதும் எல்லாரும் ஒரே வாசலில். பஸ்ஸில் ஏறுகிற பழக்கம். அடுத்த பெட்டி வாசல் காலியாக இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை, நானும்தான்.

எனக்குப் பயமெல்லாம் மல்லிகாவின் (இனி ம. என்று எழுதுகிறேன்) இடது கையைப் பற்றி. மிஷினில் ஊசி குத்துகிற கை. மணிக்கட்டுக்கு மேல் தொட்டால் உள்ளே பூனை உறுமுகிற மாதிரி அதிரும். அந்தக் கையை யாரும் பிடித்து இழுக்கக் கூடாது, நசுக்கக் கூடாது, வளையல்கூடக் கூடாது. கூட்டத்துக்கு அது தெரியுமா? நான் இடது பக்கமாகவே நின்று முழங்கையை அகட்டிக்கொண்டேன். ஒரு பையன் முறைத்தான்.

ஜன்னலோரம் ஒரு இடம் காலி. ம.வை உட்கார வைத்தேன். எதிரில் துண்டு விரித்துச் சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

"இது கருவூலத்து சார் இடம். அடுத்த ஸ்டேஷன்ல ஏறுவாரு."

"எழுதி வச்சிருக்கா?" என்றேன்.

"பதினோரு வருஷமா உக்காராரு. எழுதணுமா?"

ம. எழுந்துவிட்டாள். எழுந்திருக்காதே என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. கருவூலத்து சார் ஏறினார், உட்கார்ந்தார், பேப்பரை விரித்தார். எங்களைப் பார்க்கவே இல்லை. கெட்டவர் மாதிரி முகம் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

பண்டாரவாடையில் ஒரு பாய் ஏறினார். தஞ்சாவூரில் வளையல், சீப்பு, ரிப்பன் கடை வைத்திருக்கிறாராம். இரண்டு தம்பிகள் சவூதியில், இவர் மட்டும் போகவில்லை, விமானம் என்றால் பயமாம். எல்லாவற்றையும் முதல் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். எனக்குப் பிடித்துப்போனது. ம.வின் முகத்தைப் பார்த்தார், வீங்கின காலைப் பார்த்தார். சீட்டாட்டக்காரர்களிடம், நாலு பேர் உட்காருகிற இடத்தில் அஞ்சு பேர் உட்கார்ந்தால் பலகை ஒடிந்துவிடாது என்று சொல்லி இடம் வாங்கிக் கொடுத்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் வேறு கதைக்குப் போய்விட்டார்.

அய்யம்பேட்டையில் வண்டி நின்றது. நின்றது நின்றதுதான். ஒற்றை லைனாம். எதிர் வண்டி வந்து தாண்டினால்தான் இது கிளம்புமாம். க்ராஸிங். பழகினவர்கள் எல்லாம் இறங்கி டீ, பல் குத்தல், வம்பு. கால் மணிக்குக் குறையாது என்றார் பாய். மணி பார்த்தேன், பதினெட்டு நிமிஷம்.

எட்டரைக்குத் தஞ்சாவூர். நடந்து பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. ஒன்பதுக்கு முன்னாடியே படுத்துவிட்டாள்.

ஐப்பசி 18, வியாழன்

நல்ல வெயில். வயலில் இலைச்சுருட்டு தெரிகிறது. மருந்து அடிக்க வேண்டும், யார் அடிப்பது?

இன்று பாய் ஏறும் முன்பே சீட்டாட்டக்காரர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். க.சார் (கருவூலத்து சார்) பேப்பரில் பாதியை என்னிடம் நீட்டினார். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் தஞ்சாவூர் வந்துவிடும் என்றேன். சிரித்துவிட்டார்.

பிறகு நான் ஆரம்பித்தேன். எருமை கதை. எங்கள் பெரியப்பா வீட்டு எருமை ஆற்று வெள்ளத்தில் போய், மூன்றாம் நாள் ஏழு மைல் தள்ளி ஒரு கோயில் குளத்தில் படுத்துக் கிடந்தது, அந்த ஊர்க்காரர்கள் அதற்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள், கூட்டிவரப் போனால் தர மாட்டேன் என்றார்கள், பஞ்சாயத்து. நடுவில் பெரியப்பாவின் இரண்டாவது கல்யாணத்தையும் சொல்ல வேண்டி வந்தது. க்ராஸிங்கில் இறங்கி டீக்கடையிலும் தொடர்ந்தேன். துணிக்கடைப் பெண்கள்கூட ஜன்னல் வழியாகக் கேட்டார்கள். திரும்பி ஏறும்போது ம. வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசினால் நேரம் போவது தெரியவில்லை. பேச்சை நிறுத்தினால் மணி பார்க்கிறேன்.

மகன் குமார் குவைத்திலிருந்து போன் பண்ணினான். பாலம் எப்போது திறக்கும் என்று அவனுக்கும் கவலை. "ரயில் சொகுசா இருக்குடா" என்று ம. சொன்னாள். நின்றுகொண்டு போனதைச் சொல்லவில்லை. அவன் சாப்பிட்டானா என்று மூன்று தடவை கேட்டாள்.

எடை, போகும்போது 48. வரும்போது 46.

ஐப்பசி 22, திங்கள்

ராத்திரி முழுவதும் மழை. தண்டவாளம் பக்கம் மண் சரிந்ததாம். ஏழே கால் வண்டி எட்டு மணிக்கு வந்தது.

ஏறினதிலிருந்து நாக்கு வறட்சி. ம.வுக்குத் தண்ணீர் கூடாது என்பதால் அவள் எதிரில் நானும் குடிப்பதில்லை. இது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் திட்டுவாள்.

இன்று க்ராஸிங் ஏழு நிமிஷம்தான். சில நாள் அப்படி என்றார் க.சார், எதிர் வண்டி எங்கே வருகிறதோ அதைப் பொறுத்தது. காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை, இன்னொரு கதையில் இருந்தேன்.

தஞ்சாவூர் ஒன்பது பத்து. ம. வேகமாக நடக்க முடியாது, நான் முன்னால் ஓடி வாசலில் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடிவந்து கூட்டிப்போனேன். ஒன்பது இருபத்தாறு. எங்கள் கட்டில் பக்கத்தில் வேறு ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் மனைவி மட்டும் என்னைப் பார்த்தாள்.

நாலு நிமிஷம்.

ஐப்பசி 25, வியாழன்

அய்யம்பேட்டை பிளாட்பாரம். காலை எட்டு மணி சுமார். வெயில். பெஞ்சில்.

வண்டி போய்விட்டது. மல்லிகா வண்டியில்.

பை என்னிடம். ஃபைல் என்னிடம். அட்டை, போன், இரண்டு டிக்கெட்டும் என்னிடம். அவளிடம் ஒரு கைக்குட்டை.

அடுத்த வண்டி ஒன்பது மணிக்கு மேல் என்கிறார் ஸ்டேஷன்காரர். தஞ்சாவூருக்குப் பேசி ஆளை இறக்கி உட்கார வைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். உட்கார வைத்துவிட்டால் முறை போய்விடும். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றது சரியா?

எழுத்து கோணல். எழுதாமல் இருந்தால் தண்டவாளத்திலேயே நடந்து போய்விடுவேன் போல.

நடந்தது. இறங்கினேன், எல்லாரும் இறங்குகிற மாதிரி. டீக்கடையில் இரண்டு புது ஆட்கள், எங்களைப் போல பஸ்ஸை விட்டு ரயிலுக்கு வந்தவர்கள், அவர்களுக்குத் தண்ணீர்ப்பாம்பு கதை. கதையில் பாம்பு சட்டைக்குள் போன இடம். இன்று எதிர் வண்டி லேட்டாம், க்ராஸிங்கை அடுத்த ஸ்டேஷன் பசுபதிகோயிலுக்கு மாற்றிவிட்டார்கள். சீசன் டிக்கெட்காரர்கள் சிக்னலைப் பார்த்து ஒவ்வொருவராக ஏறிவிட்டார்கள். எனக்குச் சிக்னல் பார்க்கத் தெரியாது. பஸ்ஸில் கண்டக்டர் நமக்காக ஒரு பார்வை பார்ப்பார், ஆள் ஏறினால்தான் விசில். அதே நினைப்பு. வண்டி நகர்ந்ததும் பெட்டியைக் கையால் தட்டிக்கொண்டே "ஓல்டான், ஓல்டான்" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ரயிலைப் பார்த்து. கடைசிப் பெட்டியில் கார்டு கை ஆட்டினார், ஓடாதே என்று.

ம. ஜன்னலில் தெரிந்தாள். கூப்பிடவில்லை. கையையும் நீட்டவில்லை. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். தனியாக டவுனுக்கு அனுப்பினது இல்லை. அவள் கேட்டதும் இல்லை, நான் கேட்கவிட்டதும் இல்லை. சிஸ்டர் என்ன கேட்டாலும் நான்தான் சொல்வேன், எடை, மாத்திரை, மூச்சு, எல்லாம்.

டீக்கடைக்காரர் மிச்சக் கதை என்ன ஆச்சு என்று கேட்கிறார்.

ஒன்பது அடித்துவிட்டது. வண்டி இல்லை.

ஒன்பதே கால்.

ஒன்பதரை. இப்போது அந்தக் கட்டிலில் யார்?

அன்றே, வீட்டில். சாயந்திரம்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பத்தே முக்கால். ஓடினேன். ம. கட்டிலில் இருந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு குழாயும் சிவப்பாக.

"வந்துட்டீங்களா? சாப்டீங்களா?" என்றாள்.

ஃபைலைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன்.

சிஸ்டர்தான் சொன்னது. பாய் வாசல் வரை நடந்து வந்து விட்டுவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டாராம். எட்டே முக்காலுக்கே ஆள் உள்ளே. ஃபைல் இல்லை என்றதும் சிஸ்டர் ரிஜிஸ்டரைப் பார்த்து ஏற்றிக்கொண்டது. நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தாள், எந்த மாத்திரை விட்டுப்போனது, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறாள், எல்லாம் ம.வே சொன்னாளாம்.

"நீங்க இவ்ளோ நாளா மூணு டம்ளர்னு எழுதிட்டு வர்றீங்க ஐயா. அம்மா நாலுங்குறாங்க. எது நெசம்?"

ம. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வயலுக்குப் போகிற நேரத்தில் ஒன்று குடித்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, சிஸ்டரிடம் சொல்லிவிட்டாள்.

ஐப்பசி 26, வெள்ளி

மூட்டம். எடை 46. குடித்தது: அவளே எழுதட்டும் என்று நோட்டை நீட்டினேன். வாயால் சொன்னாள், நான் எழுதினேன். நாலு.

காலையில் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். திங்கட்கிழமை அவள் முன்னால் தனியாகப் போகிறாள். நான் வயலுக்கு மருந்தடித்துவிட்டு அடுத்த வண்டியில் வந்து கூட்டிக்கொண்டு வந்தால் போதும். மிஷினிலிருந்து எழுந்தால் தள்ளாடும், அப்போது நான் வேண்டும். போகும்போது வேண்டாம்.

கூட்டத்தில் கையை நசுக்கிவிடுவார்கள் என்றேன். லேடீஸ் பெட்டியில் போகிறாளாம், கீரைக்காரி இருக்கிறாள். மயக்கம் வந்தால்? உட்கார்ந்துகொள்வாளாம். வண்டி நடுவழியில் நின்றால்?

"நீங்க இருந்தா மட்டும் கெளம்பிடுமா?"

நேற்று நடந்ததற்குக் கோபமா என்று கேட்டேன். இல்லை என்றாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"உங்களுக்குப் பயம் வந்தா பேச்சு வருது. எருமை, பாம்புன்னு ஊரே சிரிக்குது. எனக்கு மட்டுந்தான் தெரியும், நீங்க பயந்துக்கிட்டு இருக்கீங்கன்னு. நீங்க பேசப் பேச எனக்கு, இன்னைக்குச் செத்துப்போயிருவமோன்னு இருக்கு. நேத்து சும்மா ஜன்னல்ல பாத்துக்கிட்டே போனேன். நாத்தெல்லாம் நல்லா எந்திரிச்சு நிக்குது. ஒரு பயமும் இல்ல."

வயலுக்குப் போய்விட்டேன். வரப்பில் யாரோ, என்ன மாமா சத்தமே காணோம் என்றார்கள். சளி பிடித்திருக்கிறது என்று சொன்னேன்.

ஐப்பசி 29, திங்கள்

வெயில். புளியமரத்தடியில் ஏழு மணிக்கு.

பையை அவள் தோளில் மாட்டினேன். வலது தோளில். ஃபைல் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன், மூன்றாவது தடவை அவள் என் கையைத் தட்டிவிட்டாள். போன் அவளிடம். என்னிடம் பாய் கடை நம்பர் ஒரு சீட்டில்.

லேடீஸ் பெட்டியில் ஏறினாள். பொதுப் பெட்டி ஜன்னலிலிருந்து க.சார் என்னைப் பார்த்து, ஏறவில்லையா என்று சைகை காட்டினார். இல்லை என்று தலையாட்டினேன். கதை இல்லாமல் போரடிக்கும் என்று சீட்டாட்டக்காரர் யாரோ சொன்னது கேட்டது.

மருந்து அடித்தேன். எத்தனை டேங்க் அடித்தேன் என்று நினைவில்லை. ஒரே பாத்தியில் இரண்டு தடவை அடித்திருப்பேன்.

எட்டே முக்காலுக்கு டெலிபோன் பூத்திலிருந்து பாய் கடைக்கு. கடை திறக்கவில்லை. ஒன்பது, எடுக்கவில்லை. ஒன்பதேகாலுக்கு எடுத்தார். "அக்கா அப்பவே போயிட்டாங்கண்ணே. நான் பின்னாடி நடக்க முடியல, அவ்ளோ வேகம்." வேகமாக நடக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பவில்லையே என்று அதற்கு ஒரு கவலை.

கார்த்திகை 2, வியாழன்

பனி. தூரத்தில் இருக்கிற மரம் தெரியவில்லை.

நேற்று பாலத்தில் ஒரு பக்கம் திறந்துவிட்டார்கள். பஸ் மட்டும் ஒவ்வொன்றாக விடுகிறார்கள். இனிமேல் பஸ்ஸிலேயே போகலாம், இரண்டு பேருமாக, என்றேன். ரயிலே இருக்கட்டும் என்றாள். பஸ்ஸில் தூக்கிப் போடுகிறதாம். சரி என்றேன். ஏழே காலுக்கு ஏற்றிவிட்டேன்.

வயலுக்குத்தான் திரும்பினேன். ரோட்டோரம் பஸ் நின்றது. ஏறிவிட்டேன். யோசிக்கவில்லை.

பாலத்தில் மனிதன் நடக்கிற வேகம். கீழே ஆறு கலங்கலாக. எட்டேகாலுக்குத் தஞ்சாவூர். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷன். ஏழே கால் வண்டி இன்னும் வரவில்லை. ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். நான் ஏன் ஒளிய வேண்டும்? தெரியவில்லை. ஒளிந்தேன்.

எட்டு நாற்பதுக்கு ஜனம் வந்தது. ஆபீஸ்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், கூடைக்காரிகள். க.சார் போனார், சீட்டாட்டக்காரர்கள் போனார்கள். அவள் இல்லை. கூட்டம் மெலிந்துவிட்டது. பிளாட்பாரத்துக்கு ஓடலாம் என்று காலை எடுத்தேன்.

வந்தாள். கடைசியாக, தனியாக. பை வலது தோளில். இடது கையை முந்தானையில் சுற்றி வயிற்றோடு வைத்திருந்தாள். நான் சொல்லித் தரவில்லை அதை. யாரையும் தேடவில்லை. மல்லிகைப்பூக் கடையில் நின்றாள், விலை கேட்டாள் போல, வாங்கவில்லை, நடந்தாள்.

கூப்பிட வாய் வந்தது. மூடிக்கொண்டேன். பத்தடி விட்டுப் பின்னாலேயே போனேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிரில் ரோடு. பஸ் எல்லாம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. அவள் நேராகப் பார்த்துக்கொண்டு கடந்தாள். இரண்டு பக்கமும் நான் பார்த்துக்கொண்டேன்.